துணியே மின்வாயாகும்போது
(மருத்துவத் துணிகள் குறித்து ஆற்றிய உரை)



இதயத் துடிப்பு தோலின்மேல் தோற்றுவிக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்டுதான். அதனைப் பதிவு செய்ய, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு அறிஞர் ஐந்தோவன் தம் நோயாளிகளின் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைக்கச் செய்தார். தோலுக்கும் கம்பிக்கும் அவ்வுப்புநீரே பாலமாயிற்று. 1924-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இன்று மார்பில் ஒட்டப்படும் வில்லையின் அடியிலுள்ள உப்புக்கூழ் செய்வதும் அதே பணியைத்தான்.

பத்து விநாடிப் பதிவுக்கு அவ்வில்லை போதும். ஆனால், இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு சிலருக்கு எப்போதாவது தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்துவிடும். பக்கவாதத்துக்கு வழிகோலக்கூடிய அக்கோளாற்றைக் கண்டறிய, நாள்கணக்கில் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். அதற்குள் கூழ் உலர்கிறது. தோல் சிவந்து அரிக்கிறது. ஒருமுறை பயன்பட்ட வில்லை குப்பைக்குப் போகிறது. ஆகவேதான் வெள்ளி பூசிய நைலான் இழை, எஃகு இழை ஆகியவற்றாலான பட்டைகளை ஆய்வாளர்கள் நாடினர்.

துணி மின்சாரத்தைக் கடத்துமா என்பது இன்று கேள்வியே அன்று. தோலோடு அது கொள்ளும் தொடர்பே கேள்வி. தோலின் மேலடுக்கு உலர்ந்திருக்கையில் மின்தடை மிகுதி. பட்டையை அணிந்தவுடன் மங்கலாயிருக்கும் பதிவு, சற்று வியர்த்தபின் தெளிவடைவது இதனால்தான். ஐந்தோவனின் உப்புநீரை உடலே சுரந்து தருகிறது எனலாம்! நம் நாட்டு வெயில் இதற்கு உதவும். ஆனால் பட்டை வழுக்கி நகர்ந்தால் எழும் பொய்யலை, இதய அலையை மறைத்துவிடும். இறுக்கிக் கட்டலாம், முதியவர் ஒருவர் அதனை எத்தனை மணி நேரம் பொறுப்பார்?

இனி, சலவை. என் கருத்தில், நம் நாட்டில் இத்துணியின் எதிர்காலத்தை முடிவு செய்யப்போவது இதுவே. தேய்ப்பும் சலவைத்தூளும் வெள்ளிப் பூச்சைச் சிறிது சிறிதாக அகற்றுகின்றன, மின்தடை ஏறுகிறது. ஆய்வுக்கூடத்துச் சலவை இயந்திரம் வேறு; கடின நீரில் நனைத்துக் கல்லில் அடிக்கும் நம் சலவை வேறு.

2020-இல் 1,480 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தில் மருத்துவத் துணிகளுக்கென்றே ஒரு மையம் உண்டு. இத்தகைய நிறுவனங்கள், நம் இல்லத்துச் சலவையை ஒத்த சோதனை முறையொன்றை வகுத்துத் தர வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும்போது, புதுத்துணியின் அளவீட்டோடு, 50 சலவைக்குப் பிந்திய அளவீட்டையும் விற்போரிடம் கேட்க வேண்டும்.