கசப்புக்கும் அளவுண்டு

மாணவ மணிகளே,

நிலவேம்பை உங்களுட் பலர் அறிவீர்கள். சிறியாநங்கை என்றும் அதனைக் கூறுவர். வேம்பினும் கொடிய கசப்புடையது. 2012ஆம் ஆண்டில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது நம் மாநிலத்தில் வழங்கப்பெற்ற நிலவேம்புக் குடிநீர், சுக்கு, மிளகு, வெட்டிவேர் முதலியன உள்ளிட்ட ஒன்பது சரக்குகள் சேர்ந்தது. நான் இன்று கூறப்போவது, பசி மந்தத்திற்கு இம்மூலிகையைத் தனியே தேநீர்போல் பருகுவது பற்றியதாகும்.

கசப்பு நாவிற் பட்டதும் உமிழ்நீர் ஊறுகிறது. இரைப்பையும் செரிமான நீரைச் சுரக்கத் தூண்டப்பெறுகிறது. ஆதலால் உணவுக்குக் கால்மணி நேரம் முன்பு இதனைப் பருகுவர்.

சிறிது பருகினால் நன்மையெனில், மிகுதியாகப் பருகினால் மிகுந்த நன்மையன்றோ? அவ்வாறு எண்ணித்தான் நானும் ஏமாந்தேன். நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவன் நான். எவரையும் கேளாமல், நாள்தோறும் இருவேளை கெட்டிக் கஷாயமாகக் காய்ச்சிக் குடித்துவந்தேன். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் விடியற்காலையில் உடல் வியர்த்து, கை நடுங்கி, கூடத்திலேயே சாய்ந்துவிட்டேன். என் மனைவியார் சர்க்கரை கரைத்துப் புகட்டியதால் பிழைத்தேன். “மாத்திரையும் சர்க்கரையைக் குறைக்கும், நிலவேம்பும் குறைக்கக்கூடும். இரண்டும் சேர்ந்தால் என்னாகும், ஐயா?” என்று மருத்துவர் வினவினார். நாற்பதாண்டு பிறரை வினவியவன் அன்று விடையின்றி நின்றேன்.

ஆகவே சில விதிகளைக் கூறுகிறேன். செடியை அறிந்தவரிடமே வாங்குங்கள். பெயர் ஒன்றாயிருந்தும் செடி வேறாதல் உண்டு. உலர்ந்த இலைத்தூள் கால் தேக்கரண்டி, ஒரு தம்ளர் வெந்நீர், ஐந்து நிமிட ஊறல், இவை போதும். வடிகட்டிச் சிறிதளவே பருகுங்கள். சில நாட்களில் குணம் காணாவிடில் மருத்துவரை நாடுங்கள். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். நீரிழிவுக்கோ, இரத்த அழுத்தத்திற்கோ, இரத்தம் உறையாதிருக்கவோ மருந்து உண்பவர்களும், வயிற்றுப்புண் உடையவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. தோல் தடித்தாலும், உதடு வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மூலிகை எதனையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. அளவறிந்து உண்பதையே பெரிதும் வற்புறுத்துகிறார். உணவுக்கு உரிய அந்நெறி மருந்துக்கும் உரியதே. உங்கள் வீட்டு முதியவர் கஷாயம் காய்ச்சும்போது, அவர் உண்ணும் மாத்திரை யாதெனப் பணிவோடு கேளுங்கள். என்னை அன்று அவ்வாறு கேட்பார் ஒருவரும் இலர்.