கண்டது பொய்யல்ல, காரணமே பொய்
(ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று ஒற்றைத் தலைவலியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச நினைக்கிறோம். தலைவலிக்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தமென்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு, கேளுங்கள்.

இவ்வியாதிக்காரரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, பெரும்பாலும் வலி வருமுன், கண்ணெதிரே ஒரு சிறு ஒளி தோன்றுகிறது. அது ரம்பப்பல் போன்ற கோடுகளாய் மினுமினுத்துக்கொண்டு விரிகிறது. அதனுள் அகப்பட்ட இடம் பார்வைக்கு மறைந்துபோகிறது. கண்ணை மூடினாலும் தெரிகிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் அடங்கிவிடுகிறது.

இதைக் கேட்ட பக்தர், "சாமி காட்சி கொடுத்தது" என்கிறார். மந்திரவாதி, "செய்வினை" என்கிறார். பகுத்தறிவுக்காரரென்று சொல்லிக்கொண்ட நாமோ, ஒரு காலத்தில் ஓர் அம்மையார் இப்படிச் சொன்னபோது, "வேலைக்குப் பயந்த பாசாங்கு" என்று சிரித்தோம். மூவரிலும் அதிகத் தவறு நம்முடையதே. மற்ற இருவரும் அந்த அம்மையார் கண்டதையாவது நம்பினார்கள். நாம் ஆராயாமலே பொய்யென்றோம். ஆராயாமல் நம்புவது மூடத்தனமென்றால், ஆராயாமல் மறுப்பது மட்டும் எப்படி அறிவாகும்?

ஆராய்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் கார்ல் லாஷ்லி என்னும் மனோதத்துவ அறிஞருக்கே இவ்வொளி வருவதுண்டு. அவர் அதைக் கண்டு பயப்படவுமில்லை, கும்பிடவுமில்லை. அது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்கிறதென்று படம் வரைந்து குறித்தார். மூளையின் பின்புறத்திலுள்ள பார்வைப் பகுதியில் நிமிஷத்திற்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏதோ ஊர்ந்து செல்லவேண்டுமென்று கணக்கிட்டு 1941-ல் எழுதினார். 1944-ல் பிரேஸில் தேசத்தவரான லியாவோ என்பவர், முயலின் மூளையில் மின்சார அசைவை அடக்கிக்கொண்டே மெதுவாக ஊரும் ஓர் அலையைக் கண்டு எழுதினார்.

2001-ல் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள், மூளையின் இரத்த ஓட்ட மாறுதலைக் காட்டும் காந்த யந்திரத்தில் நோயாளியைப் படுக்கவைத்து, மினுக்கும் கட்டங்களை அவர் கண்முன் காட்டினார்கள். கட்டங்கள் மினுக்கும்போதெல்லாம் பார்வைப் பகுதி பதில் கொடுக்கும். ஆனால் அவர் கண்ணில் அவ்வொளி எழுந்தபோது, அந்தப் பதில் ஓரிடத்தில் குன்றி, அக்குறைவு நிமிஷத்திற்கு சுமார் மூன்றரை மில்லிமீட்டர் வேகத்தில் பரவிற்று. அறுபது வருஷத்திற்கு முன் லாஷ்லி போட்ட கணக்குக்கு இது வெகு சமீபமல்லவா?

நிற்க, வலியில்லாத நாளிலுங்கூட இவர்கள் மூளையில் ஒரு வித்தியாசமுண்டு. செக்கடியில் குடியிருப்பவனுக்குச் செக்குச் சத்தம் நாளடைவில் காதில் விழாது. அதுபோல, ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் மற்றவர் மூளையின் பதில் வரவரக் குறையும். ஒற்றைத் தலைவலிக்காரருக்கோ அது குறைவதில்லையென்று பெல்ஜியத்தில் 1995-ல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. பின்னால் நடந்த சோதனைகளில் சில இதற்கு மாறாகவும் இருந்தன. ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. ஆனால் வலி வந்தவர், "விளக்கை அணையுங்கள்" என்பது நடிப்பல்லவென்பது மட்டும் நிச்சயம்.

இவ்வியாதி ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆகவே பாசாங்கென்ற பழியும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. வீட்டில் ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வேப்பிலையும் வேண்டாம், வசவும் வேண்டாம். இருட்டறையில் படுக்கவிடுங்கள், அடுப்பை நீங்கள் பாருங்கள், வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். வலியைத் தணிக்கவும் வராமல் தடுக்கவும் இன்று மருந்துகள் இருக்கின்றன. முன்பில்லாமல் திடீரென்று பார்வை மறைந்தாலோ, கைகால் மரத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அது மூளையின் இரத்த அடைப்பாகவும் இருக்கலாம். அப்போது ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

தோழர்களே, அந்த அம்மையாரிடம் பின்னர் நாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் அப்படிக் கேட்கவேண்டியவர் யாரேனும் இருந்தால், இன்றிரவே கேட்டுவிடுங்கள்.