கொழுப்பை உறிஞ்சி அகற்றினால் நோய் நீங்குமா?



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.

அன்பின் பெற்றார்களே, இளைஞர் யுவதிகளே!

"மௌலவி, பருமன் என்று சொல்லி மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தம் தட்டிப் போய்விட்டது. லைப்போசக்சன் செய்தால் எங்கள் குடும்பத்திலுள்ள சீனி வருத்தமும் அவளுக்கு வராதல்லவா?" என ஒரு தாயார் என்னிடம் வினவினார்.

தோலின் கீழுள்ள கொழுப்பைக் குழாயினால் உறிஞ்சி அகற்றும் சத்திரசிகிச்சையே இது. உடலின் வடிவத்தை இது மாற்றும் என்பது உண்மை. ஆரோக்கியத்தை மாற்றுமா?

அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், பருமனான 15 பெண்களின் வயிற்றிலிருந்து பெருமளவு கொழுப்பு அகற்றப்பட்டது. சுமார் மூன்று மாதங்களின் பின்னரும் இன்சுலினின் செயற்பாடோ, இரத்த அழுத்தமோ, கொலஸ்திரோலோ சீரடையவில்லை. பிரேசிலில் 2012இல் வெளியான ஆய்வில், சிகிச்சையின் பின் உடற்பயிற்சி செய்யாத பெண்களின் குடலைச் சூழ்ந்த கொழுப்பு ஆறு மாதங்களில் சுமார் 10 வீதம் அதிகரித்திருந்தது. பயிற்சி செய்தோரில் அவ்வாறு நிகழவில்லை.

ஆபத்து உண்டா? 1994 முதல் 1998 வரையான அமெரிக்கச் சத்திரசிகிச்சைகளைப் பற்றிய கணக்கெடுப்பு, சுமார் 5000 பேருக்கு ஒருவர் மரணித்ததாகக் கூறியது. பின்னர் முறைகள் சீர்பெற்றுள்ளன. எனினும் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்தல், கிருமித் தொற்று ஆகிய ஆபத்துக்கள் முற்றாக நீங்கவில்லை.

மார்க்கத் தீர்ப்பு யாது? சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி 2007இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடி இதனை ஆராய்ந்தது. உடற்பருமன் நோய்நிலையாகி, வேறு வழியும் இல்லாது, தீங்கு ஏற்படாதெனின் மாத்திரமே இது ஆகுமென அது தீர்மானித்தது.

சகோதரர்களே! உடல் அல்லாஹ் தந்த அமானிதம். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என நபியவர்கள் வழிகாட்டினார்கள். சீனி வருத்தத்தைத் தடுக்கும் வழி அளவான உணவிலும் அன்றாட நடையிலும் உண்டு. உறிஞ்சும் குழாயில் இல்லை.

அத்தாயாருக்கும் இதனையே கூறினேன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: பிறரைப் பரிகசிப்பதைக் குர்ஆன் தடுத்துள்ளது. ஒரு பிள்ளையின் உடலை எடைபோட்டு நாம் பேசும் பேச்சே அவளைக் கத்தியின் கீழ் படுக்க வைக்கின்றது. அதற்கும் மறுமையில் விசாரணை உண்டு.

அல்லாஹ் நம் உடலுக்கு ஆரோக்கியத்தையும் நாவுக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.