ஆற்றுக்காலில் தொடங்கும் இலங்கைப் பாடம்

(ஞாயிறு வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஞாயிறு வகுப்பில் அடுத்த மாதம் முதல் இலங்கையின் வரலாற்றைச் சொல்லித் தரப் போகிறோம். "தமிழனைக் கொன்றவன் கதை நம் பிள்ளைக்கு எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கோபம். பதில் சொல்லாமல் பாடத்தைத் தொடங்குவது முறையல்ல.

இலங்கையைப் பற்றி என்ன தெரியும் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தோம். குண்டு, அகதி, கிரிக்கெட். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. குற்றம் அவர்களுடையதல்ல, நாம் சொல்லவில்லை.

எனவே அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். மாசி பிறந்தால் இந்தத் திருவனந்தபுரமே அடுப்பாகிவிடுகிறது. நம் பெண்களும் தெருவோரம் கல் கூட்டி ஆற்றுக்கால் அம்மைக்குப் பொங்கலிடுகிறார்கள். அந்த நாட்களில் கோயிலில் பாடப்படும் தோற்றம்பாட்டு கண்ணகியின் கதை. சேரன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் வந்திருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். அதே கண்ணகியைச் சிங்கள மக்கள் இன்றும் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள். கண்டியில் புத்தரின் பல்லுக்கு எடுக்கும் எசல பெரஹரா ஊர்வலத்தில் நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி என நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் சேர்ந்து போகின்றன. நம் முருகனும் நம் கண்ணகியும் அங்கே சிங்களத்தில் வேண்டுதல் கேட்கிறார்கள்! இதைக் கேட்ட பிள்ளை அந்த நாட்டை வேறு கண்ணோடு பார்க்காதா?

அடுத்து தேயிலை. 1820களில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரன், தமிழ்நாட்டின் பஞ்சம் பிழைக்கப் போன மக்களைக் காட்டுக்குள் நடத்திக் கொண்டுபோனான். காப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது, கூலி மட்டும் மாறவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சாலைக் கடைத்தெருவில் காய்கறி கூறு போடுவது போலத்தான். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படி வந்தவர்களில் சிலருக்காகத்தான் இதே கேரளத்தில், புனலூரில், 1976இல் மறுவாழ்வு ரப்பர்த் தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கே 'இந்தியக்காரன்' என்று விரட்டப்பட்டவன் இங்கே 'சிலோன்காரன்' ஆனான்.

இனி சிங்களவர் விஷயம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டுத் தோழர் கோவிந்தன் இறந்தார். விசாரணைக் கமிஷன் முன் அவருடைய மனைவிக்காக வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வா ஒரு சிங்களவர். 1948 சட்டத்தைச் சிங்கள இடதுசாரிகள் எதிர்த்தார்கள். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமோ அதே ஆண்டு அந்த அரசில் மந்திரியானார். இதற்காக 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தையும், 1983 ஜூலையையும், 2009 முள்ளிவாய்க்காலையும் மறைக்கப் போவதில்லை. 83இல் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டில் ஒளித்துவைத்த சிங்களவர்களையும் சேர்த்தே சொல்வோம்.

இன்னொன்று. 1923இல் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் நடத்திய குணசிங்க, 1930களில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் மலையாளத் தொழிலாளர்களை விரட்டச் சொல்லி இயக்கம் நடத்தினார். தொழிற்சங்கத் தலைவரே! அங்கே மலையாளிக்குக் 'கொச்சியன்' என்று பெயர். இங்கே பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைக்குப் 'பாண்டி' என்று பெயர். அந்தச் சொல் கேட்டு அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களே நாளை இன்னொருவனை அப்படி அழைத்தால் நாம் என்ன சொல்லித் தந்தோம் என்று ஆகும்?

உங்கள் வீட்டில் சிலோனுக்குப் போய் வந்த தாத்தா, பாட்டி இருந்தால் முதல் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். பழைய பாஸ்போர்ட், கடிதம், தோட்டத்தில் எடுத்த படம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள்; பார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். புனலூருக்குப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போகவும் எண்ணம். பஸ் செலவைப் பற்றி இப்போது பேசிவிடுவோம்.