குதிரையைக் கண்முன் கொண்டுவந்த குரல்கள்

(தோட்டச் சனசமூக நிலையத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ரேஸ் என்று சொன்னால் மலைநாட்டில் நமக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, நுவரெலியா ஏப்ரல் சீசன். மற்றது, டவுனில் உள்ள ரேஸ் கடை. அந்தக் கடையில் காசு கட்டுவது பெரும்பாலும் இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்குத்தான். அதனால் இங்கிலீஷ் தெரியாத பெரியவர்கள்கூட லெஸ்டர் பிகட் என்ற பெயரைச் சொந்தக்காரர் பெயர் மாதிரிச் சொல்வார்கள். அந்தப் பழைய ஆட்களை இன்று கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம்.

பிகட் 1935இல் பிறந்தவர். 1954இல், 18 வயதிலேயே, டெர்பி பந்தயத்தில் ஜெயித்தார். 1983 வரைக்கும் அதே பந்தயத்தில் ஒன்பது தடவை ஜெயித்திருக்கிறார். ஜொக்கி வேலைக்கு அவர் உயரம் கூடிப்போனவர். உடம்பில் பாரம் ஏறினால் சவாரி கிடைக்காது. ஆகவே வருஷக்கணக்காக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி வாழ்ந்தார். காதும் சரியாகக் கேட்காது. அப்படியிருந்தும் 11 தடவை இங்கிலாந்தின் முதல் ஜொக்கியாக வந்தார். 2022இல் காலமானார்.

அந்தக் காலத்துப் பந்தயங்களை ரேடியோவிலும் டீவியிலும் சொன்னவர் பி.பி.சி. வர்ணனையாளர் பீட்டர் ஓசல்லிவன். 1997 வரைக்கும் சொன்னார். ஓடுகிற குதிரைகளை ஜொக்கியின் சட்டை நிறம், தொப்பி நிறம் பார்த்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டும். அவ்வளவையும் முதலே மனப்பாடம் பண்ண வேண்டும். 1974இல் செல்டனமில் அவருடைய சொந்தக் குதிரை அட்டீவோ ஓடி ஜெயித்தது. வர்ணனை சொன்னதும் அவரேதான்! ஆனாலும் மற்றக் குதிரைக்குச் சொன்ன மாதிரியே நிதானமாகச் சொல்லி முடித்தார். வேலை வேறு, சொந்த ஆசை வேறு என்று இருந்த மனுஷன்.

இன்னொருவர் அயர்லாந்துக்காரர் மைக்கேல் ஓஹேர். 1967 கிராண்ட் நெஷனல் பந்தயத்தில் 23ஆவது வேலியில் குதிரைகள் ஒன்றோடொன்று மோதி நின்றுவிட்டன. அந்தக் குழப்பத்தில் பின்னால் வந்த பொய்னாவன் என்ற குதிரை மட்டும் இடைவெளி பார்த்துத் தாண்டிப் போனது. ஓஹேர் தடுமாறாமல் அதன் பெயரைச் சொன்னார். அதுவே ஜெயித்தது. ஒன்றுக்கு நூறு என்று விலை போன குதிரை அது. அதன் சொந்தக்காரரும் பயிற்சியாளரும்கூட அன்று அந்த மைதானத்துக்கு வரவில்லை.

இதை நாம் யோசிக்க வேண்டும். குதிரையை வளர்த்துப் பழக்கியவருக்கே அது ஜெயிக்கும் என்று தெரியவில்லை. அப்படியென்றால் டவுனில் காதுக்குள் 'டிப்ஸ்' சொல்பவருக்கு எப்படித் தெரியும்? அந்த டிப்ஸை நம்பி அட்வான்ஸ் காசு போனால், லயத்தில் அடுப்பு அணைகிறது, பிள்ளையின் கொப்பி வாங்குவது பிந்துகிறது. மலை ஏறிக் கொழுந்து எடுத்த கைக்குத்தான் அந்தக் காசின் அருமை தெரியும்.

ரேஸைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பெரியவர்களே, அந்தக் குரல்களையும் ஜொக்கிகளையும் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாயைக் கட்டி உழைத்தவனின் கதை, ஆசைப்பட்டும் நடுநிலை தவறாதவனின் கதை, பிள்ளைகளுக்கு நல்லது. கதைக்குக் காசு தேவையில்லை. சம்பளக் காசு மட்டும் முதலில் வீட்டுக்கு வரட்டும்.