மடியில் தொடங்கும் வாசிப்பு



முதலாம் ஆண்டில் சேர்ந்து ஆறு மாதமாகியும் பிள்ளை வாசிக்கத் தடுமாறினால், “அவனுக்கு அக்கறையே இல்லை” என்றுதான் பல வீடுகளில் சொல்கிறார்கள். அக்கறை இருந்தும் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் ‘போறேன்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பாடநூலில் ‘போகிறேன்’ என்பதைப் பார்க்கிறது. அம்மா ‘வந்துச்சு’ என்கிறார். புத்தகம் ‘வந்தது’ என்கிறது. எழுத்துக்கூட்டத் தெரிந்தாலும், காதில் விழாத சொல் பிள்ளைக்குப் புதுமொழிதான்.

புத்தகத் தமிழைப் பிள்ளையின் காதுக்குப் பழக்கப்படுத்த எளிய வழி, பெரியவர் உரக்க வாசிப்பது. அந்நாளில் தோட்டங்களில் இந்த வழக்கம் இருந்தது. 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள் பள்ளி அமைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் வைத்தன. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ (2019இல் நின்றுபோனது) போன்ற நாளேடுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பெரியவர்களுக்கு நடுவே பிள்ளைகளும் இருப்பார்கள்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறக்குறைய 530. அம்மாவும் அப்பாவும் தொழிற்சாலையில் மாறிமாறி ஷிப்ட் பார்க்கும் வீட்டில், பிள்ளைக்குத் துணை கைத்தொலைபேசிதான்.

இருந்தாலும் தினம் பத்து நிமிடம் போதும். பிள்ளையை மடியில் உட்கார வைத்து, சொல்லுக்கு அடியில் விரலை ஓட்டி வாசியுங்கள். கேட்ட கதையையே மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். தெரிந்த கதையில்தான் தெரியாத சொல் பிடிபடும். 247 எழுத்துகளும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் பெயர், தம்பி தங்கை பெயர், கடைப் பலகை இவற்றிலிருந்தே தொடங்கலாம்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாதா? அவர் பால்மரம் வெட்டிய கதையையும் ஆயாக்கொட்டகைக் கதையையும் சொல்லட்டும். அக்காள் எழுதட்டும், தம்பி வாசிக்கட்டும். தன் பாட்டி கதையை வாசிக்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது? ஈப்போ துன் ரசாக் நூலகத்துக்குப் போனால், புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். மலாய்ப் படக்கதை என்றாலும் தடுக்க வேண்டாம். ஒரு மொழியில் வாசித்துச் சுவைத்த பிள்ளைக்கு மற்ற மொழியிலும் அந்த ஆசை வரும்.

தவறு செய்தால் ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தாதீர்கள். பலர் முன்னால் ‘மக்கு’ என்று சொல்லவே வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். எவ்வளவு முயன்றும் முன்னேற்றம் இல்லையென்றால் கண்ணையும் காதையும் சோதியுங்கள். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிரமமாக இருக்குமா என்று ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்றிரவு தூங்கும் முன் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். நாளை அடுத்த பக்கத்தைப் பிள்ளையே கேட்கும்.