கூடிக் கற்ற கணிதக் குழாம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆராய்ச்சி என்றதும் தனியறையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் ஓர் அறிஞரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. இம்மாநகரில் நிகழ்ந்த ஒன்று அவ்வெண்ணத்தை மாற்றவல்லது.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை ஹோமி பாபா 1945-இல் நிறுவினார். அதன் கணிதப் பள்ளியை 1949 முதல் வளர்த்தவர் கே. சந்திரசேகரன், 1951-இல் கே. ஜி. இராமநாதன் வந்து துணை சேர்ந்தார். புதிய கணித முறைகளைக் கற்பிக்க வல்ல ஆசிரியர் அந்நாளில் இங்கு அரியர். ஆகவே அயல்நாட்டுப் பேரறிஞர்களை வருவித்துப் பாடம் சொல்லச் செய்தனர். பிரான்சிலிருந்து லோரான் ஷ்வார்ட்ஸ் வந்தார். ஜெர்மானியரான ஸீகல் வந்தார்.

வந்தார், பேசினார், மாலை பெற்றார், சென்றார் என்று அது முடிந்திருந்தால் (நம் விழாக்கள் பலவும் அவ்வாறே முடிகின்றன!) பயன் யாது? அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விரிவுரை கேட்ட இளைஞருள் ஒருவர் அதனை நூலாக எழுதித் தரவேண்டும். கேட்டதைப் படியெடுப்பதன்று அது. பேசியவர் எளிதென்று தாண்டிச் சென்ற படிகளை நிரப்பி, அவையில் இல்லாதவனும் தொடர்ந்து வருமாறு செய்தல். எழுதப் புகுந்தவனுக்குத் தன் ஐயத்தை மறைத்துவைக்க இடமில்லை. 1955-இல் ஷ்வார்ட்ஸின் விரிவுரைகளை எழுதியவர் எம். எஸ். நரசிம்மன், வயது இருபத்து மூன்றைத் தாண்டாதவர்!

அவரும் காஞ்சியிற் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும் சென்னை லயோலாக் கல்லூரியில் ராசீன் பாதிரியாரிடம் பயின்று, 1953-இல் இங்கு வந்தவர்கள். ஒருவர் பகுப்பியலிலும் மற்றவர் இயற்கணித வடிவியலிலும் வல்லவர். ஒருவர் கருவியை மற்றவர் கையாளப் பழகியதன் விளைவாக, இருவர் பெயராலும் வழங்கும் தேற்றம் 1965-இல் வெளியாயிற்று.

குறையும் உண்டு. இத்தகைய குழாம் கல்லூரி வகுப்பறைகளினின்றும் விலகியே வளர்ந்தது, பி.எஸ்ஸி. மாணவனுக்கு அதன் வாயில் எட்டாதிருந்தது. சேஷாத்ரி சென்னையில் 1989-இல் தொடங்கிய கணித நிறுவனம் பின்னர் இளநிலை மாணவரையும் சேர்த்துக்கொண்டது, என் கருத்தில், அக்குறையை நன்கறிந்து செய்த செயல்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்கு அஞ்சித் தம் குறிப்பேட்டை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காட்டத் தயங்குகின்றனர். பெற்றோராகிய நாமும் அதற்கு உடந்தை. ஆய்வுப் பட்டத்திற்குப் பயில்வோரும் நம்மிடையே உளர். ஞாயிறு மாலைகளில் சங்கத்துப் படிப்பறையை இவர்களுக்குத் திறந்துவிடுங்கள். ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதட்டும். எழுதிய ஏடு அனைவரும் காண மேசைமேல் இருக்கட்டும். கரும்பலகையை நான் வாங்கித் தருகிறேன்.